சென்னை வீட்டுல பே லீஃப் செடி: வாங்குறதுல இருந்து முதல் இலை பறிக்கிற வரைக்கும்

முதல்ல அடுப்படிக்குப் போய் மசாலா டப்பாவுல இருக்கிற பிரிஞ்சி இலையில ஒண்ணு எடுத்துட்டு வாங்க, செடி வாங்குறதெல்லாம் அப்புறம். இலையைத் திருப்பி நரம்பைப் பாருங்க. காம்புல இருந்து மூணு நரம்பு கிளம்பி, நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்சு நுனி வரைக்கும் நீளவாக்குல ஓடுதா? அப்படின்னா உங்க கையில இருக்கிறது தலைப்புல சொன்ன பே லீஃப் இல்ல, அதாவது பே லாரல் மரத்து இலை இல்ல. நம்ம ஊர் மளிகைக் கடையில பிரிஞ்சி இலைன்னு கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான், இந்திக்காரங்க தேஜ் பத்தான்னு சொல்றது, நாட்டு மருந்துக் கடையில லவங்கப்பத்திரின்னு கேட்டா குடுப்பாங்க, தாவரவியல் பேரு சின்னமோமம் தமாலா. இமயமலை அடிவாரத்துல வளர்ற மரம், பட்டை இருக்கு பாருங்க அதோட நெருங்கின சொந்தம், அதனாலதான் பட்டையும் கிராம்பும் கலந்த மாதிரி வாசனை.

பே லாரல்ங்கிறது வேற. லாரஸ் நோபிலிஸ், மத்தியதரைக் கடல் பக்கத்து மரம். இலை நடுவுல ஒரே ஒரு தண்டு நரம்பு, அதுல இருந்து மீன் முள்ளு மாதிரி ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன நரம்பு பிரியும். ஒரு விரல் நீளம், ரெண்டு விரல் அகலம், ஓரம் லேசா அலை அலையா இருக்கும், தடிமனா தோல் மாதிரி இருக்கும். கசக்கி மோந்தா பட்டை வாசனை வராது, நீலகிரித் தைலம் ஞாபகம் வரும். அது சும்மா தோணுறது இல்ல, ரெண்டுலயும் இருக்கிற முக்கியமான வாசனைப் பொருள் ஒண்ணுதான், சினியோல்னு பேரு.

பட்டை, தமாலா, கற்பூர மரம், பட்டர் ஃப்ரூட், இந்த பே லாரல் எல்லாமே ஒரே குடும்பம். குடும்பத்துக்கே லாரேசின்னு பேரு வந்தது லாரல்ல இருந்துதான். பழைய கிரேக்க நாட்டுல டெல்ஃபியில நடந்த போட்டிகள்ல ஜெயிச்சவங்க தலையில இந்த இலையைக் கட்டித்தான் கிரீடமா வச்சாங்க. நோபல் லாரியட்னு சொல்றோமே அந்த வார்த்தையும் இங்க இருந்துதான் வந்தது. மெரினா எதிர்ல மாநிலக் கல்லூரியைத் தாண்டிப் போறப்ப, சி.வி. ராமனும் சந்திரசேகரும் படிச்ச இடம் இதுன்னு நினைக்கிறப்பல்லாம் எனக்கு மாடியில இருக்கிற என் செடியும் கூடவே ஞாபகம் வரும்.

இதை எதுக்கு இவ்ளோ இழுக்கிறேன்னா, புதுசா ஆரம்பிக்கிறவங்க ஏமாறுறது இந்த முதல் படியிலதான். நர்சரியில போய் "பிரியாணி இலை செடி இருக்கா"ன்னு கேட்டா நாலு விதமான செடி வர வாய்ப்பிருக்கு. ஒண்ணு தமாலா. இன்னொண்ணு பட்டைச் செடி, இதுலயும் மூணு நரம்பு, ஆனா இலைங்க எதிர் எதிரா ஜோடியா இருக்கும், கொழுந்து சிவப்பா வரும். மூணாவது ஆல்ஸ்பைஸ், சர்வசுகந்தின்னும் சொல்வாங்க, இதுக்கும் ஒரே நடு நரம்புதான், அதனால பே லாரல்னு நம்பி வாங்கிடுவோம், ஆனா இலை ஜோடி ஜோடியா இருக்கும், கசக்கினா கிராம்பு வாசனை தூக்கும். நாலாவது ரம்பை, நீளமா தாழம்பூ இலை மாதிரி இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கிறது ஈசி. பே லாரல்ல இலை ஒண்ணு மாத்தி ஒண்ணு இருக்கும், இடது பக்கம் ஒண்ணு, கொஞ்சம் மேல வலது பக்கம் ஒண்ணு. நரம்பு, இலை அடுக்கு, வாசனை, இந்த மூணையும் பார்த்துட்டுத்தான் காசு எடுக்கணும். போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காதீங்க.

இதோட சேர்த்து ஒரு எச்சரிக்கை, இதை தயவு செஞ்சு சாதாரணமா எடுத்துக்காதீங்க. அரளி இலை கடும் விஷம். காய்ஞ்ச அரளி இலையும் நீளமா தடிமனா ஒரே நடு நரம்போட இருக்கும், பக்கத்துல பக்கத்துல காய வச்சா குழம்பிடும். மாடியில அரளி வளர்க்கிறீங்கன்னா லாரல் தொட்டிய அதுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, சந்தேகமா இருக்கிற எந்த இலையையும் குழம்புல போடாதீங்க.

சரி, எது வளர்க்கலாம்? உங்களுக்கு வேணுங்கிறது பிரியாணி, பிரிஞ்சி சாதம், குருமா வாசனை மட்டும்தான்னா தமாலாவே வாங்குங்க, நம்ம நாக்குக்குப் பழகின ருசி அதுதான். சூப், ஸ்டூ, பாஸ்தா சாஸ்னு செய்றவங்க, இல்ல என்னை மாதிரி அந்த தைல வாசனைக்கு மயங்கினவங்க, லாரல் வாங்குங்க. இனிமே சொல்றதெல்லாம் லாரலுக்கு. தமாலாவுக்கும் முக்கால்வாசி ஒத்துவரும், என்ன, அதுக்குத் தண்ணி கொஞ்சம் கூட வேணும், வெயில் கொஞ்சம் கம்மி போதும்.

எப்போ, எங்க வாங்குறது

பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி கடைசிக்குள்ள வாங்கிடுங்க. மழை ஓய்ஞ்சிருக்கும், ராத்திரி கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், வெயில் ஏறுறதுக்குள்ள செடிக்கு வேர் பிடிக்க ரெண்டு மாசம் கிடைக்கும். ஏப்ரல் மே மாசத்துல எவ்ளோ அழகா இருந்தாலும் வாங்காதீங்க.

ஈசிஆர் பக்கம் வரிசையா இருக்கிற நர்சரிங்கள்ல, பூந்தமல்லி பக்கம் இருக்கிறதுல, கேட்டா வரவழைச்சுக் குடுப்பாங்க, ஆன்லைன்லயும் கிடைக்குது. ஊட்டி கொடைக்கானல் போறவங்க அங்க இருந்தும் தூக்கிட்டு வர்றாங்க. அப்படி மலையில இருந்து வந்த செடின்னா வந்த அன்னிக்கே மொட்டை மாடி வெயில்ல வச்சிடாதீங்க, அது ராத்திரி 10 டிகிரி, 15 டிகிரியில இருந்துட்டு வந்திருக்கும். ரெண்டு வாரம் நிழலான பால்கனி, அடுத்து ஒரு வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு மணி நேரம், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். நடுவுல பத்துப் பதினஞ்சு இலை மஞ்சளாகி விழும், பயப்படாதீங்க. தண்டை நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு.

வாங்குறப்ப உயரமான செடியைத் தேடாதீங்க. முக்கால் அடி, ஒரு அடி இருந்தா போதும், அடியில இருந்து ரெண்டு மூணு கிளை வந்திருந்தா நல்லது. இலையோட அடிப்பக்கத்தைத் திருப்பி, நரம்பு ஓரமா பழுப்பு கலர்ல பொட்டு பொட்டா ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா அது செதில் பூச்சி, அந்தச் செடி வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

மண்தொட்டிதான். பிளாஸ்டிக்ல, க்ரோ பேக்ல வளர்க்கவே முடியாதுன்னு சொல்லல, ஆனா புதுசா பழகுறவங்களுக்கு மண்தொட்டி நிறைய தப்பை மன்னிக்கும், ஏன்னா அது சுவர் வழியாவும் ஈரத்தை வெளிய விடும். ஆறு இன்ச் கவர்ல வந்த செடிய எடுத்த எடுப்புல பெரிய தொட்டிக்கு மாத்தாதீங்க, வேர் எட்டாத மண்ணுல தண்ணி தங்கி அழுகும். முதல்ல 8 இன்ச், ரெண்டு வருஷம் கழிச்சு 12 இன்ச். அடியில மூணு ஓட்டையாவது இருக்கணும். ஓட்டை மேல உடைஞ்ச ஓட்டுச் சில்லைக் கவுத்து வைங்க, மண்ணு வெளிய போகாம இருக்கிறதுக்கு அது போதும். அடியில நாலு இன்ச்சுக்கு ஜல்லி கொட்டுறது வேண்டாத வேலை, அதனால வடிகால் கூடாது, வேருக்கு இருக்கிற இடம்தான் குறையும்.

மண் கலவை நான் போடுறது இது: செம்மண் 2 பங்கு, மணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆத்து மணல் இப்போ கிடைக்கிறது கஷ்டம், கல்லை உடைச்சுச் செய்யிற எம்-சாண்ட் போடலாம், ஆனா அதுல இருக்கிற தூசி சிமெண்ட் மாதிரி இறுகிடும், அதனால சலிச்சு, ரெண்டு தடவை கழுவிட்டுப் போடுங்க. மாடித்தோட்டம்னாலே பாதிக்குப் பாதி கோகோபீட் போடுறது நம்ம ஊர்ல பழக்கமாயிடுச்சு, தக்காளி கத்திரிக்கா கீரைக்கு அது சரி, தினமும் குடிக்கிற செடிங்க. லாரலுக்கு அது ஆகாது. கலவை சரியான்னு பார்க்க ஒரு வழி, தொட்டிய நிரப்பி செடி நடுறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க, அரை நிமிஷத்துக்குள்ள அடியில இருந்து வடிய ஆரம்பிக்கணும். மேல குளம் கட்டி நின்னா இன்னும் மணல் சேருங்க.

நடுறப்ப, கவர்ல எந்த மட்டத்துல மண் இருந்துச்சோ அதே மட்டத்துலதான் இருக்கணும், தண்டைப் புதைக்கக் கூடாது.

தண்ணி

இந்தச் செடி சென்னையில சாகுறது பெரும்பாலும் தாகத்துல இல்லைங்க. தண்ணி நின்னு, வேர் அழுகித்தான் சாகுது. நான் இதைச் சொந்தமா அனுபவிச்சுத்தான் கத்துக்கிட்டேன். என்னோட முதல் செடி ஒன்றரை வருஷம் நல்லா இருந்துச்சு, தரையில கறை படியக் கூடாதுன்னு தொட்டிக்குக் கீழ ஒரு தட்டு வச்சிருந்தேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ரெண்டு நாள் விடாம கொட்டுச்சே, கரண்ட் இல்ல, கீழ தெருவுல முழங்கால் தண்ணி, அந்தக் கவலையில மாடிக்கு யாரும் போகல. அப்புறம் போய்ப் பார்த்தப்போ தட்டு நிரம்பி, தொட்டியில பாதி வரைக்கும் ஊறி நின்னுச்சு. இலை அப்பவும் பச்சையாத்தான் இருந்துச்சு, தப்பிச்சிடுச்சுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். பொங்கல் நேரத்துல ஒவ்வொரு இலையா தொங்க ஆரம்பிச்சுது, வாடுதேன்னு இன்னும் தண்ணி ஊத்தினேன், அதுதான் அதைக் கொன்னுடுச்சு. பிடுங்கிப் பார்த்தா வேரெல்லாம் கறுப்பா கொழகொழன்னு ஒரு நாத்தம். வேர் அழுகினாலும் இலை தொங்கும், தண்ணி பத்தலைன்னாலும் இலை தொங்கும், பார்க்க ரெண்டும் ஒண்ணாவே இருக்கும், மண்ணைத் தொட்டுப் பார்க்காம முடிவு பண்ணக் கூடாது.

அதனால விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடுங்க, அதாவது ரெண்டு இன்ச். ஈரம் தட்டுச்சுன்னா இன்னிக்கு ஊத்த வேண்டாம். காய்ஞ்சிருந்தா ஓட்டை வழியா வடியிற வரைக்கும் நல்லா ஊத்துங்க, அப்புறம் விட்டுடுங்க. தினமும் அரை டம்ளர் அரை டம்ளரா தெளிக்கிறது ரொம்பத் தப்பு, மேல ஈரமாவும் கீழ காய்ஞ்சும் கிடக்கும். ஜனவரி பிப்ரவரியில மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை, மே மாசத்துல கிட்டத்தட்ட தினமும் காலையில, மழைக்காலத்துல வாரக்கணக்குல வேண்டாம். இது ஒரு குத்துமதிப்புதான், விரல் சொல்றதுதான் கணக்கு.

என்ன தண்ணிங்கிறதும் முக்கியம். வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் பக்கம் போர் தண்ணி உப்பா கடினமா இருக்கிற வீடுங்க நிறைய. அந்தத் தண்ணியையே ஊத்தினா கொஞ்ச மாசத்துல தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா பூக்கும், இலை நுனி பழுப்பாகிக் கருகும். மெட்ரோ தண்ணி வருதுன்னா அதைப் பிடிச்சு வச்சு ஊத்துங்க. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கு ஊத்துறவங்க இருக்காங்க, நல்ல எண்ணம்தான், ஆனா உப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறதே அதுலதான், அதை வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ வச்சுக்கங்க. ஏசியில இருந்து சொட்டுற தண்ணியில உப்பு கிடையாது, போர் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்தலாம். மழைத் தண்ணி கிடைச்சா அதை விட நல்லது எதுவுமே இல்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, நல்ல தண்ணியா தொட்டி அளவுக்கு ரெண்டு மூணு மடங்கு மெதுவா ஊத்தி முழுக்க வடிய விட்டீங்கன்னா தங்கின உப்பு கழுவிட்டுப் போயிடும்.

வெயிலும் மழையும்

காலை வெயில் நாலு மணி நேரம், மத்தியானத்துக்கு மேல நிழல். கிழக்குப் பார்த்த பால்கனின்னா கண்ணை மூடிட்டு வைக்கலாம். மொட்டை மாடின்னா மார்ச் கடைசியில 50 சதவீத பச்சை வலை கட்டிடுங்க. சொந்த ஊர்லயும் இதுக்கு வெயில் பழக்கம்தான், ஆனா அங்க ராத்திரி சூடு இறங்கிடும், இங்க மே மாசம் ராத்திரி 28 டிகிரிக்குக் கீழ போறதே பெரிய விஷயம், செடிக்கு மூச்சு விட நேரமே இல்ல. கத்திரி முடிஞ்சிடுச்சுன்னு வலையைக் கழட்டிடாதீங்க, 2003ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சது மே 31ஆம் தேதி, கத்திரி முடிஞ்சதுக்கு அப்புறம். சாயங்கால மழை நாலஞ்சு தடவை வந்து தரை குளிர்ந்த பிறகு கழட்டுங்க.

நாம தலைக்கு மேல அடிக்கிற வெயிலை மட்டும்தான் பார்க்கிறோம், தளத்துல இருந்து ஏறுற சூட்டை மறந்துடுறோம். மத்தியானம் மாடியில வெறுங்காலோட நிக்க முடியுதா? அந்தச் சூடுதான் தொட்டி வழியா வேருக்குப் போகுது. மூணு செங்கல் மேல தொட்டிய வைங்க, காத்து அடியில போகணும். வெயில் காலத்துல மட்டும் அந்தத் தொட்டிய அதை விடப் பெரிய காலித் தொட்டிக்குள்ள இறக்கி, நடுவுல இருக்கிற இடத்துல தேங்காய் நாரை அடைச்சு வச்சா இன்னும் நல்லது, அக்டோபருக்கு முன்னாடி மறக்காம வெளிய எடுத்துடணும். மண் மேல காய்ஞ்ச இலைச் சருகு ஒரு இன்ச்சுக்குப் பரப்புங்க.

சென்னைக்கு வருஷத்துக்குச் சுமாரா 1400 மில்லிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கிறப்பவே தொட்டியோட ஓட்டைங்களையும் ஒரு குச்சி விட்டுக் குத்தி விடுங்க, வேரோ மண்ணோ அடைச்சிருக்கும். தட்டு இருந்தா எடுத்துடுங்க, சருகை வழிச்சுடுங்க. புயல்னா, டிவியில வானிலை சொன்ன ரமணன் சார் காலத்துல இருந்தே நாம டிவி பார்த்துட்டு உட்கார்ந்துக்கிறோம், கூடவே எழுந்து போய் தொட்டிய கைப்பிடிச் சுவர்ல இருந்து இறக்கி, மழை நேரா விழாத ஓரமா வச்சுடுங்க. இடமே இல்லைன்னா தொட்டிய பக்கவாட்டுல சாய்ச்சுப் படுக்க வைங்க, ரெண்டு நாள் அப்படிக் கிடந்தா ஒண்ணும் ஆகாது.

உரம், பூச்சி, கத்திரிக்கிறது

உரத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், பிப்ரவரியில ரெண்டு கை மண்புழு உரம், ஜூலையில ரெண்டு கை, அவ்ளோதான். ஏப்ரல் மே மாசத்துல எதுவும் போடாதீங்க.

பூச்சின்னா செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும்தான். தண்டுல எறும்பு வரிசையா ஏறுதுன்னா அதுதான் முதல் தகவல், பூச்சி விடுற இனிப்புப் பிசுக்குக்காக எறும்பு வருது, அந்தப் பிசுக்கு மேலதான் கரி பூசின மாதிரி கரும்பூஞ்சையும் படரும். கொஞ்சமா இருந்தா பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்ச்சு எடுத்துடுங்க. நிறைய இருந்தா 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல், நல்லா குலுக்கி, சாயங்காலம் இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி அடிங்க. வாரத்துக்கு ஒரு தடவைன்னு மூணு வாரம். அடிச்சதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்காதீங்க, கசப்பும் நாத்தமும் தங்கும்.

வளர்ச்சி ரொம்ப மெதுவு. முருங்கையும் பப்பாளியும் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது நின்னு போன மாதிரியே தெரியும். என்னோட ரெண்டாவது செடி முதல் வருஷம் ஒரு சாண் கூட ஏறல. மழை முடிஞ்சு ஜனவரியில திடீர்னு வெளிர் பச்சையில கொழுந்து விடும், அந்த ரெண்டு மூணு வாரம் தினமும் காலையில போய்ப் பார்த்துட்டு நிப்பேன். கொழுந்து முத்தினதும் ஒவ்வொரு கிளையிலயும் நுனியை மட்டும் கிள்ளி விட்டா பக்கக் கிளை வரும், செடி புதர் மாதிரி அடர்த்தியாகும்.

குச்சி நட்டு இன்னொரு செடி எடுக்கலாமான்னா, எடுக்கலாம், ஆனா வேர் விட மாசக்கணக்குல ஆகும், பத்து வச்சா ரெண்டு மூணு பிழைச்சா பெரிசு. அதுக்குப் பதிலா மாதுளை, எலுமிச்சைக்குக் கட்டுற மாதிரி காத்துப் பதியம், அதாவது கிளை செடியில இருக்கிறப்பவே அதுல வேர் விட வைக்கிறது, கட்டுறது நல்லது, ஆடி மாசம் கட்டினா மழைக்காலம் முழுக்க ஈரம் இருக்கும். அடியில இருந்து வேரோட பக்கக் கன்னு வந்தா பிரிச்சு நடுறதுதான் இருக்கிறதுலயே சுலபம்.

இலை பறிக்கிறது

முதல் வருஷம் கை வைக்காதீங்க. ரெண்டாவது வருஷத்துல இருந்து, கிளையோட அடிப்பக்கம் இருக்கிற முத்தின, கரும்பச்சை இலையா பார்த்து, காலையில, ஒரு தடவைக்கு நாலஞ்சுக்கு மேல வேண்டாம். கழுவித் துடைச்சு, நிழல்ல ஒரு துணியில பரப்பி, சுருளாம இருக்க மேல ஒரு முறத்தைக் கவுத்து வைங்க, ஒரு வாரம் பத்து நாள்ல காய்ஞ்சிடும். மொட்டை மாடி வெயில்ல வத்தல் மாதிரி காய வச்சீங்கன்னா கலரும் போகும், வாசனையும் போகும். மழைக்காலத்துல சரியா காயாம பூஞ்சை பிடிக்கும், அதனால அப்போ பறிக்க வேண்டாம். இறுக்கமா மூடுற பாட்டில்ல போட்டா ஒரு வருஷம் வரைக்கும் மணம் இருக்கும். பச்சையாவும் போடலாம், ஆனா லேசா கசப்பு தெரியும், காரமும் தூக்கலா இருக்கும், காய்ஞ்சதுதான் பக்குவம். வீட்டுல நாய் பூனை இருந்தா செடி எட்டாத உயரத்துல இருக்கட்டும், இந்த இலையை மென்னா அதுங்களுக்கு வாந்தி வரும்.

கடை இலைய நாலு போட்டுப் பழகின கை, இதுல அப்படிப் போட்டுடாதீங்க. நாலு பேருக்கான குருமாவுக்கோ பருப்பு சூப்புக்கோ ஒரே ஒரு இலை, எண்ணெய்ல வெங்காயம் போடுறதுக்கு முன்னாடி. எவ்ளோ நேரம் வெந்தாலும் இந்த இலை மெத்துன்னு ஆகாது, ஓரம் கூராவே இருக்கும், தொண்டையில குத்தும், அதனால பரிமாறுறதுக்கு முன்னாடி தேடி எடுத்துடுங்க, குழந்தைங்களுக்கு வைக்கிற தட்டுன்னா ரெண்டு தடவை பாருங்க.